ஒரு பிடி பொரி

வைரவன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பது சொச்சம். ஊரில் சிரித்தார்கள்.

"மக வயசுப் பொம்பளைகிட்டப் போய் என்னத்தைக் கத்துக்கப் போறீரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் போறேன்?" என்றார் வைரவன்.

குருவின் பெயர் திலகவதி அம்மை. ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருந்த சின்ன மடம் அவருடைய பொறுப்பில் இருந்தது. குன்றின் அடியில் ஒரு குளம். குளக்கரையிலிருந்து மடத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. இளவட்டங்களே பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் குளத்து மீன்களுக்குப் பொரி போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மனசில் பாரம் உள்ளவர்கள் போட்டால் பாரம் குறையும் என்று நம்பிக்கை. வைரவனின் மனைவி விசாலம் வெள்ளிக்கிழமை தவறாமல் டவுனிலிருந்து வந்து போடுவாள். பொரிக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. வைரவனே பொரிக்கடைக்காரர்தான். நெல்லை ஊறப்போடுவதிலிருந்து சுடுமணலில் வறுப்பது வரை எல்லாம் சொந்தப் பட்டறையில் நடந்தது.

விசாலம் படுக்கையில் விழுந்து, இனி எழுந்திருக்க மாட்டாள் என்று ஆனபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை மீனுக்குப் பொரி போடுறதை மட்டும் விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்" என்றார். அவள் போன பிறகு கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் வாக்கைக் காப்பாற்றினார். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினார்.

அம்மை வடக்கே யாத்திரை போயிருந்த சமயம் அது. வெள்ளிக்கிழமை போதாதென்று வைரவன் தினமும் பொரி போட்டார். தான் போடுவது போதாதென்று மகனிடமிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்து, கரையில் கூடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துப் போடச் சொன்னார். அல்லி இலைகள் தண்ணீரை மூடிக்கொண்டு பொரியை மீனிடம் போகவிடவில்லை. ஆள் வைத்து அல்லியை வேரோடு பிடுங்கிக் குன்றின் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டினார். நீர்க்காக்கையும் கொக்கும் வந்து மீனைத் தின்றன. குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டி அவற்றை விரட்டினார். மீனுக்குச் சட்டை தைத்துப் போடாததுதான் பாக்கி.

மீன்கள் பெருகின. பார்க்க வரும் கூட்டமும் பெருகியது. வைரவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அம்மை யாத்திரையிலிருந்து திரும்பி வந்த அன்று குளக்கரையில் நின்றார்.

"தண்ணி ஏன் இப்படி இருக்கு?"

"பச்சைப்பசேல்னு செழிப்பா இருக்கும்மா" என்றார் வைரவன் பெருமையாக.

அம்மை குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். கையைப் படிக்கல்லில் துடைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

மறுநாள் விடிந்தபோது குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன.

வைரவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார். புதைக்கும்போது விசாலத்தின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த மீன்களோ தண்ணீருக்கு மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் கூடையில் இருந்த பொரி முழுவதையும் கொட்டினார். பிறகு மேலே வந்து அம்மையின் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

"நான் எதுல குறை வச்சேன்மா? அவளுக்கு என்ன பதில் சொல்லப்போறேன்?"

"மீன் எப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாவே விடியக்காலையில மேல வந்து வாயைத் திறந்து கேக்குதுங்க. கேக்கக் கேக்கப் போடுறேன். போட்டும் சாகுதுங்களே."

"என்ன கேக்குதுங்க?"

"பொரிதான்."

"பொரிதான்னு எப்படித் தெரியும்?"

"வாயைத் திறக்குதேம்மா. பசிச்சாத்தானே வாயைத் திறக்கும்? எம் பொண்ணு உமையாளைத் தேனியில கட்டிக் குடுத்த புதுசுல, வாரம் தவறாம அழுதுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா. அதே மாதிரிதான் இதுங்களும் வந்து நிக்குதுங்க."

"உமையாள் வந்து நின்னப்ப என்ன செஞ்சீங்க?"

"முறுக்கு, அதிரசம்னு செஞ்சு தூக்கு நிறையக் குடுத்து பஸ் ஏத்திவிடுவேன்."

"அப்புறம்?"

"மறுவாரம் திரும்ப வந்து நிப்பா."

அம்மை பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து நீட்டினார்.

"வைரவரே, கீழே குளத்துல இருந்து இதுல தண்ணி கொண்டு வாங்க."

"மேலயே கிணறு இருக்கேம்மா?"

"குளத்துத் தண்ணிதான் வேணும். ஓடிப் போய் ஓடி வாங்க. நடக்கக் கூடாது."

வைரவன் ஓடினார். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்புதான். ஆனாலும் அந்தப் படிகள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. செம்பில் பாதியைச் சிந்திவிட்டு அவர் மேலே வந்து நின்றபோது மார்பு ஏறி இறங்கியது. முட்டியில் ஒரு கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

அம்மை பக்கத்தில் வைத்திருந்த பொரித் தட்டிலிருந்து ஒரு பிடியை அள்ளி அந்த வாயில் போட்டார்.

வைரவன் இருமினார். பொரி நாலா பக்கமும் பறந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மை அவர் முதுகில் தட்டி, உட்காரவைத்து, விசிறியால் வீசினார்.

"என்னம்மா இது?" வைரவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "மூச்சு முட்டிப்போய் நிக்கிறேன், வாயில பொரியைத் திணிக்கிறீங்க?"

"வாயைத் திறந்தீங்க" என்றார் அம்மை. "பசின்னு நினைச்சேன்."

வைரவனின் தலை மெல்லத் திரும்பிக் கீழே குளத்தைப் பார்த்தது. அங்கிருந்து மீன் தெரியாது. பச்சை மட்டும்தான் தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியிலயே பொறந்து தண்ணியிலயே வளர்றதுக்கு எப்படிம்மா மூச்சு முட்டும்?"

"அதுங்களுக்கும் காத்து வேணும். தண்ணியில கரைஞ்சு கிடக்குறதைத்தான் எடுத்துக்குதுங்க."

"அந்தக் காத்து எங்க போச்சு?"

"செம்பை மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். முகம் சுளித்தது. "ஊறல் தொட்டி நாத்தம்."

"அது எப்ப நாறும்?"

"ஊறப்போட்ட நெல்லை வாரும்போது அடியில மிச்சம் விட்டா நாறும். ரெண்டு நாள் மூடி வச்சிட்டா உள்ள எட்டிப் பாக்க முடியாது, தலை சுத்தும். பட்டறையில அதுக்காகவே ஆளுங்களைத் திட்டிக்கிட்டே இருப்பேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"மீன் தின்னு மிஞ்சின பொரி எங்க போகும்?" என்று கேட்டார் அம்மை.

"அடியில."

"அழுகுறதுக்கும் மூச்சு வேணும், வைரவரே. இருக்கிற காத்தை அது இழுத்துக்கும். செழிப்பா இருக்குன்னு சொன்னீங்களே, அந்தப் பச்சை. அது பகல்ல காத்தைக் குடுக்கும். பொழுது சாஞ்சா அதுவும் தன் பங்கை எடுத்துக்கும். விடியறப்ப மீனுக்கு மிச்சம் இருக்காது."

வைரவன் செம்பைக் கீழே வைத்தார்.

"அப்ப விசாலம் சொன்னது தப்பாம்மா?"

பொரி போட்டால் மீன் சாகும். போடாவிட்டால் அவளுக்குக் கொடுத்த வாக்கு சாகும். அவளுடையது என்று அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த வாக்கு ஒன்றுதான்.

"அவங்க எவ்வளவு போடுவாங்க?"

"ஒரு பிடி."

"அதுக்கு மேல?"

"போட மாட்டா. முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வருவா. அதைப் போட்டுட்டு இருட்டுற வரைக்கும் படியில உக்காந்து தண்ணியையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் வண்டியில உக்காந்து சலிச்சுப்போவேன்."

"வீட்டுல பொரி கம்மியா?"

"வீடு பூரா மூட்டைம்மா. படுக்க இடம் இருக்காது."

"அப்புறம் ஏன் ஒரு பிடி?"

வைரவன் யோசித்தார். சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க ஒரு தடவைகூட அவளிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே கூடையைத் தூக்கி மேலே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை வந்தது. அன்றும் போடவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு இந்தப் பட்டினி?" என்றார் அம்மை.

"வாக்குத் தவறினவனுக்குச் சோறு எதுக்கும்மா? அவ என்னை என்ன வேணா கேக்கட்டும். மீன் ஏன் செத்துப்போச்சுன்னு கேட்டாத்தான் என்னால தாங்க முடியாது."

அம்மை அவருக்குச் சோறு போடச் சொல்லவுமில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

வைரவன் மண்வெட்டியை எடுத்தார். கோடையில் தண்ணீர் இறங்கியிருந்த ஓரங்களில் கறுப்பாக, கொழகொழவென்று சேறு கிடந்தது. அதை வெட்டிக் கூடையில் சுமந்து மடத்து வாழைத் தோட்டத்தில் கொட்டினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. தான் போட்ட பொரிதானே என்று நினைத்துக்கொண்டு சுமந்தார். குளத்துக்கு மேலே கட்டிய நைலான் கயிறுகளை அறுத்தார். அல்லிக்கு எங்கே போவது என்று தெரியாமல் விழித்தவர், ஒருநாள் குன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அவர் ஆள் வைத்துப் பிடுங்கிக் கொட்டிய அல்லிக்கிழங்குகள் பள்ளத்துத் தண்ணீரில் வேர்விட்டு, இலை விரித்து, ஒன்றிரண்டு மொட்டும் வைத்திருந்தன. அவரிடம் அவற்றுக்குக் கோபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. வைரவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதுவிட்டு, அவற்றில் பாதியைத் தலையில் சுமந்து வந்து குளத்தில் நட்டார்.

பொரி போட வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு வேனில் வந்த கூட்டத்தில் ஒரு பெண் கையில் பொரிப் பையோடு கரைக்கு வந்தாள். வைரவன் குறுக்கே நின்றார்.

"போட வேணாம் தாயி."

"ஏன்? இவ்வளவு தூரம் இதுக்குத்தானே வந்தோம்? வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கிறீங்களே, உங்களுக்கு நல்ல சாவு வருமா?"

"வராட்டிப் பரவாயில்லை. நீங்க உக்காந்து அந்தப் பொரியைச் சாப்பிடுங்க. மீனைப் பாருங்க."

"அதுல என்ன புண்ணியம்?"

வைரவன் மேலே மடத்தைப் பார்த்தார். அம்மை அங்கே சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

"எனக்கும் தெரியலை தாயி" என்றார் வைரவன். "ஆனா எஞ் சம்சாரம் அதைத்தான் செய்வா."

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே படியில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள்.

மீன்கள் சாவது உடனே நிற்கவில்லை. ஆனால் புதைக்க வேண்டியவை குறைந்துகொண்டே வந்தன. கொக்குகள் திரும்பி வந்தன. ஒரு கொக்கு கண்ணெதிரே மீனைக் கொத்திக்கொண்டு பறந்தபோது வைரவனுக்கு ரத்தம் கொதித்தது. கல்லைக் கையில் எடுத்துவிட்டார்.

"கொக்கு தின்ன மீனை நீங்க எப்பவாவது புதைச்சீங்களா?" என்று பின்னாலிருந்து அம்மையின் குரல் கேட்டது.

கல் கீழே விழுந்தது.

மழைக்காலம் வந்தது. புதுத் தண்ணீர் குன்றிலிருந்து ஓடைகளாக இறங்கிக் குளத்தை நிறைத்து, மறுகால் வழியே வெளியேறியது. பச்சையும் மெல்ல மெல்ல அதோடு போயிற்று. அல்லி பிடித்துக்கொண்டது. மடத்து வாழைகள் தார் பாரம் தாங்காமல் சாய்ந்து முட்டுக்கொடுக்கும்படி ஆனது.

மழை ஓய்ந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் வைரவன் வழக்கம்போலக் குளக்கரைக்குப் போனார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே ஒரு வாய்கூட இல்லை. ஒரு சுழிப்பு இல்லை. அவர் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடி வருகிற கூட்டத்தில் ஒன்றைக்கூடக் காணோம்.

வைரவன் படிகளில் ஓடினார். யாரும் ஓடச் சொல்லாமலே ஓடினார்.

"அம்மா! எல்லாம் போச்சும்மா! ஒரு மீன்கூட மேல..."

அதற்குமேல் மூச்சு இல்லை. வாயைத் திறந்தபடி நின்றவர், அம்மையின் பக்கத்தில் பொரித் தட்டு இருப்பதைப் பார்த்தார். சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விசிறியை எடுத்தார்.

"முதல்ல மூச்சை விடுங்க. செத்து மிதக்குதா?"

"இல்லை."

"நாத்தம்?"

"இல்லைம்மா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணுகூட மேல வரலை. என்னைத் தேடி ஒண்ணுகூட வரலை."

அம்மை வீசிக்கொண்டே இருந்தார்.

"உமையாள் இப்ப வாராவாரம் வர்றாளா?"

"எங்கம்மா! பொங்கலுக்கே நாலு தடவை கூப்பிடணும். விசாலம் ஒருக்கா தேனிக்குப் போயி அவகூடவே கொஞ்ச நாள் தங்கி, என்ன ஏதுன்னு பாத்துட்டு வந்தா. அதுக்கப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுன்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"அழுதுக்கிட்டு ஓடி வர்றதை நிறுத்திட்டாளேம்மா..."

கீழே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குளத்தின் ஓரத்தில் அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றிருந்தது. வைரவன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"அப்ப இனிமே அதுங்களைப் பாக்கவே முடியாதாம்மா?"

"பொண்ணு வரலைன்னா நீங்கதானே போய்ப் பாக்கணும்? இலைக்கு அடியில குனிஞ்சு பாருங்க. குஞ்சு குளுவானோட இருக்கும்."

வைரவன் எழுந்தார். படியில் இறங்கத் தொடங்கியவர் நின்றார். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"வெறுங்கையோட எப்படிம்மா போறது?"

அம்மை தட்டை இழுத்து, ஒரு பிடி பொரியை அள்ளினார். அதை அவர் துண்டின் நுனியில் வைத்து முடிந்தார்.

"அவங்களும் வெறுங்கையோட போனதில்லையே" என்றார்.